கை மட்டும் நீலமா இருக்குங்க

"மேடம், இந்த பீஸ்ல கை மட்டும் நீலமா இருக்குங்க."

திருப்பூரில் எங்கள் கம்பெனியின் செக்கிங் டேபிளில் இருந்த அக்கா இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கறுப்பு டீ-சர்ட் அது. ஆர்டர் முழுக்கக் கறுப்பு. துணி ரோல்களைப் பார்த்துக் கட்டிங்குக்கு விட்டவள் நான். "டியூப் லைட்டுக்கு அப்படித் தெரியுதுக்கா" என்றேன். அவர் விடவில்லை. பீஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் வெயில் விழுகிற இடத்தில் விரித்தார். உடம்பு கறுப்பு. கை கருநீலம். அதன்பிறகு நான் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது மறுபடி கறுப்பாகத் தெரியவே இல்லை.

40 ரோலில் 3 ரோல் வேறொரு ஆர்டருக்கான மிட்நைட் நேவி. 'ப்ளாக்' என்று ஸ்டிக்கர் மாறி ஒட்டப்பட்டிருந்தது. நிற மாதிரி ஒட்டிய ஷேட் கார்டை முதல் பத்து ரோலுக்குத்தான் வைத்துப் பார்த்தேன். பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தேன், துணியைப் பார்த்தேன், ஓகே போட்டேன். 600 சொச்சம் பீஸ் போயிற்று. அந்த வாரம் வாங்கிய திட்டுகளை இங்கே எழுதுவதாக இல்லை.

திட்டைவிட வேறொன்றுதான் உறுத்தியது. நான் பார்க்காமல் விடவில்லை. பார்த்தேன். கறுப்பாகத்தான் தெரிந்தது. அதே துணியை அந்த அக்கா பார்த்ததும் நீலமாகத் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஸ்டிக்கர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து படித்துக்கொண்டே இருந்தேன். 1949இல் ஹார்வர்டில் ஜெரோம் புரூனர், லியோ போஸ்ட்மன் என்ற இருவர் 28 மாணவர்களுக்குச் சீட்டுக்கட்டைக் காட்டியிருக்கிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒவ்வொரு சீட்டாக. நடுநடுவே திருட்டுச் சீட்டு: சிவப்பில் அச்சடித்த இஸ்பேட், கறுப்பில் ஆட்டின். சரியான சீட்டை அடையாளம் சொல்லச் சராசரியாக 28 மில்லி செகண்ட் போதுமாக இருந்தது. நிறம் மாறிய சீட்டுக்கு 114. அதுகூடப் பெரிதில்லை. சிவப்பு இஸ்பேடைச் சிலர் துளிச் சந்தேகமும் இல்லாமல் சாதாரணக் கறுப்பு இஸ்பேட் என்றார்கள். சிலருக்கு அது ஊதாவாக, பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. மனசு சொன்ன கறுப்புக்கும் தாளில் இருந்த சிவப்புக்கும் நடுவில் கண் ஒரு பஞ்சாயத்து பண்ணியிருக்கிறது. என் நேவி ரோல் விஷயத்தில் பஞ்சாயத்தெல்லாம் நடக்கவில்லை. ஸ்டிக்கர் சொன்னதே தீர்ப்பு.

இதில் எனக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம். காரணம், நான் மேட்சிங் சென்டர் வீட்டுப் பெண்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் அப்பா கடை. இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். அப்பா காலையில் போய் உட்கார்ந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். பத்தடி அகலம்தான். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை பிளவுஸ் பிட்டுகள், டூ பை டூ, ஷேடுவாரியாக அடுக்கியிருக்கும். சேலையோடு வருகிறவர்கள் தலைப்பை நீட்டுவார்கள். அப்பா ஒரு பார்வை பார்ப்பார். சேலையைக் கையில் வாங்க மாட்டார். திரும்பி ஏணியில் ஏறி மூன்று பிட்டோடு இறங்குவார். "வெளிய வந்து வெயில்ல வச்சுப் பாருங்கக்கா. உள்ள டியூப் லைட்டு பொய் சொல்லும்." மூன்றில் ஒன்று சேலையோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

டியூப் லைட் சொல்லும் பொய்க்கு மெட்டாமெரிசம் என்று பெயர் இருப்பது திருப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது. இரண்டு துணியில் வேறு வேறு சாயம் ஏறியிருந்தால், ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். அதற்காகத்தான் எங்களிடம் லைட் பாக்ஸ் இருக்கிறது. உள்ளே சாம்பல் பெயின்ட். டி65 பொத்தானைத் தட்டினால் பகல் வெளிச்சம். டிஎல்84 தட்டினால் ஐரோப்பியக் கடைகளில் எரிகிற டியூப் வெளிச்சம். அப்பாவின் வாசல்படி வெயிலைப் பெட்டிக்குள் போட்டு விலைக்கு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்பாவின் அலமாரிக்கு எண் கிடையாது, பெயர்தான். அரக்கு, பாக்குக் கலர், காப்பிப்பொடி, செங்கல், தேன் கலர் என்று ஐந்து அடுக்கு இருக்கும். அதை நான் பள்ளிக்கூடத்தில் 'பிரவுன்' என்று ஒரே சொல்லில் படித்தேன். வெங்காயக் கலர், கனகாம்பரம், வாடாமல்லி, கத்திரிப்பூ. சந்தனம் ஒரு தட்டு, அதற்கு மேல் ஆஃப் ஒயிட். பச்சையில் கிளி, பாசி, ராமர். நீலத்தில் ஆனந்தா, இங்க், எம்.எஸ். எம்.எஸ். நீலம் என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய காஞ்சிபுரப் பட்டின் நீலம். அவர் பாடி ஒரு பாட்டுக்கூடக் கேட்டிராத பெண்களும் "எம்.எஸ். புளூ குடுங்கண்ணே" என்றுதான் கேட்பார்கள்.

இத்தனை பெயர் தெரிந்த ஆளின் கண்ணுக்கு அதிகமாகத் தெரியுமா? பெயர் இல்லாத நிறம் கண்ணில் படவே படாது என்று ஒரு செய்தி வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் குடும்ப வாட்ஸாப்புக்கு வந்துவிடுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போன பொங்கல் லீவில் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். பச்சையில் தொடங்கி நீலத்தில் முடிகிற மாதிரி 12 நூல்கண்டு எடுத்து வரிசையாக வைத்தேன். என் வீட்டுக்காரர் நடுவில் ஒரு கோடு போட்டார்: இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம். அப்பா ஐந்தாகப் பிரித்தார். நடுவில் இருந்த இரண்டைக் காட்டி, "இது மயில் கழுத்துதானேப்பா?" என்றேன்.

"ஒத்த நூல வச்சு மயில் கழுத்துன்னு சொல்லக் கூடாதுத்தா. பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு இருந்தாத்தான் அது மயில் கழுத்து. துணி அசையணும்."

இதைக் கேட்டதும் எனக்கு ஆபீஸில் இருக்கும் பேன்டோன் நிற மாதிரிப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் இந்த நிறத்துக்கு இடமே இல்லை. ஒரு சில்லுக்கு ஒரு நிறம்தானே. அது போகட்டும்.

அடுத்து, ஒரே நூலில் இரண்டும் பக்கத்து நூலில் ஒன்றும் வைத்து, எது ஒட்டாதது என்று கேட்டேன். இருவரும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் பச்சை என்று சொன்ன என் வீட்டுக்காரர், பச்சைக்குள் இருந்த மெல்லிய வித்தியாசத்தைச் சட்டென்று தொட்டுக் காட்டினார். கண்ணில் குறை ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நூலைக் காட்டி ஒளித்துவிட்டு, டீ குடித்து முடித்ததும் வரிசையிலிருந்து எடுக்கச் சொன்னேன். அப்பா சரியாக எடுத்தார். வீட்டுக்காரர் இரண்டு கண்டு தள்ளி எடுத்தார். மறுபடி செய்தோம், அதே கதை.

"எப்படிப்பா?"

"பேரச் சொல்லி வச்சுக்குவேன். இது ராமர் பச்சை, கொஞ்சம் தண்ணி கலந்தது. அம்புட்டுத்தான்."

சேலையைக் கையில் வாங்காமல் அவர் ஏணி ஏறுகிற ரகசியம் இவ்வளவு எளிது என்று எனக்கு நாற்பது வயது வரை தெரியவில்லை. நிறத்தை அவர் தூக்கிக்கொண்டு போவதில்லை, பெயரைத் தூக்கிக்கொண்டு போகிறார். 1954இல் ரோஜர் பிரவுன், எரிக் லென்னபெர்க் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் கண்டதும் ஏறக்குறைய இதுதான்: சட்டென்று ஒரு சொல்லில் சொல்ல முடிகிற நிறத்தை மறுபடி அடையாளம் காண்பது எளிது, சொல்லத் தடுமாறுகிற நிறம் நினைவிலும் தடுமாறும்.

ஆனால் அது ஞாபகம். பார்க்கிற அந்த நொடியிலேயே மொழி கை வைக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இதற்கு எனக்குப் பிடித்த சோதனை 2007இல் ஜோனதன் வினாவரும் லேரா பொரோடிட்ஸ்கியும் இன்னும் சிலரும் செய்தது. ரஷ்ய மொழியில் நீலத்துக்குப் பொதுவான ஒரு சொல் இல்லை. வெளிர் நீலம் 'கலுபோய்', அடர் நீலம் 'சீனிய்'. நமக்குச் சிவப்பும் ரோஸும் எப்படியோ அவர்களுக்கு அப்படி. மேலே ஒரு நீலக் கட்டம், கீழே இரண்டு. மேலே இருப்பது கீழே எதனோடு பொருந்துகிறது என்று பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாக் கட்டங்களும் கண்ணெதிரே இருப்பதால் ஞாபகத்துக்கு இதில் வேலை இல்லை. இரண்டு நீலமும் கலுபோய்–சீனிய் எல்லையின் இரு பக்கம் விழுந்தபோது ரஷ்யர்கள் வேகமாக அழுத்தினார்கள். இங்கிலீஷ் பேசுகிறவர்களிடம் அந்த வேகக் கூடுதல் இல்லை. அதன் பிறகு செய்ததுதான் அழகு: ஓர் எண் வரிசையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இதைச் செய்யச் சொன்னார்கள். ரஷ்யர்களின் வேகம் காணாமல் போய்விட்டது. எண்ணுக்குப் பதில் ஒரு கட்ட வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது அப்படி ஆகவில்லை. வாய் மூடியிருந்தாலும் உள்ளே மொழி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு வேறு வேலை கொடுத்ததும் கண்ணுக்குக் கிடைத்த உதவி நின்றுவிட்டது.

அப்பா பில் கூட்டும்போது யாராவது ஷேட் கேட்டால் எரிந்து விழுவார். "கணக்குப் பாக்கயில கலர் கேக்காதீங்க." கோபக்காரர் என்று நினைத்திருந்தேன்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ரஷ்ய வேகம் ஒரு நொடியில் சிறு பங்கு. இதே வரிசையில் 2006இல் வந்த இன்னொரு ஆய்வு, மூளையின் மொழிப் பகுதி இருக்கும் இடப்பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிற வலப்பக்கப் பார்வையில்தான் இந்தச் சொல்லெல்லை வேலை செய்கிறது என்றது. பிறகு வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது கிடைக்கவில்லை. எங்கள் ஆபீஸ் அனுபவமும் கொஞ்சம் எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. ஷேட் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனை எழுத வேண்டும். எழுதுவது என்றால், நான்கு தட்டில் 85 சிறு மூடிகள், ஒவ்வொன்றும் பக்கத்து மூடியிலிருந்து மயிரிழை விலகிய நிறம், கலைத்துக் கொடுத்தால் வரிசைப்படுத்த வேண்டும். பிழை குறைந்தால் கெட்டிக்காரர். எனக்கு 12 வந்தது, பெருமையாக இருந்தேன். லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, பார்க்கும் பையனுக்கு 4. அவனிடம் இருக்கும் நிறச் சொற்கள் மொத்தம் மூன்று: "லைட்டாருக்குங்க", "டார்க்காருக்குங்க", "ஆவாதுங்க".

ஆக, பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கண்ணுக்குச் சொல் தேவையே இல்லை. கொஞ்சம் விலகினால், நேரம் குறைந்தால், வெளிச்சம் மங்கினால் சொல் உள்ளே நுழைகிறது. அப்பாவுக்கு அது ஏணி. எனக்கு அந்த வியாழக்கிழமை அது 'ப்ளாக்' என்ற நான்கு அங்குல ஸ்டிக்கர்.

நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்விளநீர் என்கிறோம், அது ஆரஞ்சு. செம்மறி ஆடு பழுப்பு. செந்நாயும் செங்கல்லும் செம்மண்ணும் செம்பருத்தியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறம். இந்தப் பக்கம் பசும்புல்லும் பசும்பொன்னும் ஒரே அடைமொழியில் நிற்கின்றன, தலைவியின் மேனியில் படர்கிற வெளிறிய பசலையும் அதே வேர். வெள்ளாடு என்று பெயர் வாங்கிய ஆடுகளில் பாதி கறுப்பு. அதை நான் விளக்கப் போவதில்லை. இதையெல்லாம் வெளியூர்க்காரர் ஒருவர் அகராதியில் மட்டும் படித்தால் தமிழனுக்குச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது என்று எழுதிவிடுவார். எழுதியிருக்கிறார்கள், நம்மைப் பற்றியில்லை, கிரேக்கர்களைப் பற்றி. பின்னால் பிரிட்டிஷ் பிரதமராக வந்த கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரின் காவியங்களை அலசி, கடலைத் திராட்சைமது நிறம் என்கிற இந்த மனிதர்களுக்கு நிற உணர்வே முழுசாக வளர்ந்திருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். செவ்விளநீர் குடித்திருக்க மாட்டார் போலிருக்கிறது.

இந்த மாதிரிக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்கக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். நூல்தான், நிஜமாகவே. 1875இல் ஸ்வீடனில் லாகெர்லுண்டா என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு ஹோல்ம்கிரென் என்ற உடலியல் அறிஞர், ரயில்வே ஆட்களின் நிறக்குருடைக் கண்டுபிடிக்கக் கம்பளி நூற்கண்டுகளைப் பொருத்தச் சொல்லும் சோதனையை உண்டாக்கினார். உலகின் முதல் மேட்சிங் சென்டர் பரீட்சை என்று அதைச் சொல்வேன். ரிவர்ஸ் அதை 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குக் கொண்டுபோனார். 1901–02இல் நம் நீலகிரிக்கும் வந்து தோடர்களிடம் பார்வைச் சோதனைகள் செய்தார். டாரஸ் தீவுகளில் முதியவர்கள் நீலத்துக்கும் கறுப்புக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதைக் குறித்துக்கொண்டார். இளையவர்கள் இங்கிலீஷிலிருந்து வாங்கிய 'புலுபுலு'வைச் சொன்னார்கள். கருவியை வைத்து அளந்தபோதும் அவர்களுக்கு நீல உணர்வு கொஞ்சம் மட்டு என்றே முடிவு கட்டினார். 1916இல் டிட்சனர் என்ற உளவியலாளர் எழுந்து அடிமடியில் கைவைத்தார்: சோதனை நடந்த அறையில் வெளிச்சம் எப்படி இருந்தது? மங்கலான வெளிச்சத்தில் செய்தால் அமெரிக்க மாணவர்களுக்கும் நீலம் மட்டுப்படத்தானே செய்யும்?

இதைப் படித்தபோது அப்பாவின் குரலில் கேட்டது. உள்ள டியூப் லைட்டு பொய் சொல்லும்.

அந்தத் தீவின் கிழவர்கள் கருநீலத்துக்குக் கறுப்பென்று சொன்னார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மிட்நைட் நேவி 3 ரோல் பார்த்தவள் நான்.

போன மாதம் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வயதாக ஆக லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும், நீல ஒளியை விழுங்கிவிடும். இத்தனை வருஷம் அப்பா ஒரு மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் கடை நடத்தியிருக்கிறார், அவருக்கே தெரியாமல். சேலையும் பிட்டும் ஒரே கண்ணாடி வழியாக வந்ததால் பெரும்பாலும் பொருத்தம் கெடவில்லை. ராமர் பச்சை ராமர் பச்சையாகவே இருந்தது. கட்டு அவிழ்த்த அன்று தம்பியின் வேட்டியைப் பார்த்து, "ஏண்டா, இம்புட்டு நீலம் போட்டா வெளுப்பே?" என்றாராம்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார். சந்தனத் தட்டில் பாதிக்கு மேல் ஆஃப் ஒயிட் கலந்து கிடக்கிறது என்று எனக்கு ஃபோன்.

"இடது கண்ணுல சந்தனம், வலது கண்ணுல வெள்ளை. ஏத்தா, உங்க கம்பெனி மிஷின்ல வச்சா எந்தக் கண்ணு சரின்னு சொல்லுமா?"

"பிட்டை அனுப்புங்கப்பா, பாத்துச் சொல்றேன்."

"எத்தனைன்னு அனுப்புறது? முன்னூறு இருக்கு."

பின்னால் தம்பி சத்தம் போடுவது கேட்டது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அந்தத் தட்டைக் கலைக்க வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அப்பா ஏற்கனவே ஏணியில் ஏறிவிட்டாராம்.